தோற்றவருக்கு முதல் பந்தி

சென்ற மாதம் உத்திரமேரூர் குடவோலை பற்றி எழுதிய பதிவைப் படித்துவிட்டு நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். என்னைப் போலவே ஓய்வு பெற்றவர், கணக்கு வாத்தியார். "குலுக்கிப் போட்டு எடுக்கிறது அதிர்ஷ்டம் சார். அதைப் போய் நேர்மைக்கு உதாரணமாச் சொல்றீங்களே?" என்றார். நல்ல கேள்வி. உடனே பதில் சொல்ல வரவில்லை. உடற்கல்வி ஆசிரியராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் விசில் ஊதியவன் நான். அதனால் விளையாட்டு வழியாகவே இதற்குப் பதில் தேடிப் பார்த்தேன். தேடியதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

கூடைப்பந்து நமக்கு அந்நிய ஆட்டமல்ல. 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், பழக்கூடையை மாட்டிக் கண்டுபிடித்த ஆட்டம் அது. அந்த ஒய்.எம்.சி.ஏ. மரபில் வந்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நம் பக்கத்துப் பள்ளிகளில் நமக்கு டிரில் எடுத்த பழைய மாஸ்டர்கள் பலர் அங்கே படித்தவர்கள்தாம். ஆகவே அமெரிக்கக் கூடைப்பந்தில் நடந்த ஒரு வினோதத்தை முதலில் சொன்னால் அன்பர்கள் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

அங்கே என்.பி.ஏ. என்று ஒரு தொழில்முறைப் போட்டி உண்டு. இப்போது முப்பது அணிகள் ஆடுகின்றன. ஆண்டுதோறும் புதிதாக வரும் இளம் வீரர்களை அணிகள் வரிசையாக ஒருவர் பின் ஒருவராகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். இந்த முறை 1947-லிருந்து இருக்கிறது. முதலில் யார் எடுப்பது? ஜெயித்தவரே நல்ல ஆளையும் எடுத்தால் என்றைக்கும் அவரே ஜெயிப்பார். அதனால் கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு என்று வைத்தார்கள். இளைத்தவனுக்கு முதல் பந்தி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் முதல் பந்தியில் தலைவாழை இலை போட்டு, அதில் பாயசமும் உண்டு என்று தெரிந்தால் இளைத்தவன் மாதிரி நடிக்கவும் ஆள் வந்துவிடும் அல்லவா? "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்ற பழமொழியை நாம் வேடிக்கையாகச் சொல்வோம். அங்கே அதுவே திட்டமாகிவிட்டது. சீசன் பாதியில் இந்த ஆண்டு கோப்பை இல்லை என்று தெரிந்தவுடன், நடுவில் நிற்பதைவிடக் கடைசிக்குப் போவது லாபம் என்று சில நிர்வாகங்கள் கணக்குப் போட்டன.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். களத்தில் ஆடுகிற பையன் தோற்பதற்காக ஆடுவதில்லை. அவனுக்கு அது பிழைப்பு, மானம் இரண்டும். நிர்வாகம்தான் நல்ல ஆட்டக்காரரை உட்கார வைக்கும். தேறிய வீரரை வேறு அணிக்கு விற்கும். தேறாதவரை அதிக நேரம் ஆடவிடும். தோல்வி தானாக வரும். யாரையும் கையும் களவுமாகப் பிடிக்க முடியாது.

1966-லிருந்து 1984 வரை, இரண்டு பிரிவுகளிலும் கடைசியில் நின்ற இரு அணிகளுக்கு இடையே பூவா தலையா போட்டு முதல் வாய்ப்பைத் தீர்மானித்தார்கள். 1969-ல் ஃபீனிக்ஸ் அணி தலை கேட்டது, பூ விழுந்தது. அந்த ஒரு காசினால் மில்வாக்கி அணிக்குக் கிடைத்தவர் லூ அல்சிண்டர், பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகறிந்தவர். இரண்டே ஆண்டுகளில், 1971-ல், மில்வாக்கி பட்டம் வென்றது. ஒரு வீரர் ஓர் அணியின் தலையெழுத்தையே மாற்றும் ஆட்டம் இது. ஐந்து பேர்தானே களத்தில்!

1983-84 சீசனில் ஹூஸ்டன் அணி தன் கடைசி 17 ஆட்டங்களில் 14-ல் தோற்றது. 38 வயதான எல்வின் ஹேய்ஸை, ஓய்வு பெறும் நேரத்தில், நீண்ட நேரம் களத்தில் நிறுத்தினார்கள். வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்று ஊரே பேசியது. அந்த அணி காசு சுண்டலிலும் ஜெயித்து ஹக்கீம் ஒலாஜுவானைப் பெற்றது. அடுத்த ஆண்டே விதி மாறியது.

1985-ல் முதல் குலுக்கல். கடைசிச் சுற்றுக்குத் தகுதி பெறாத ஏழு அணிகளுக்கும் சமவாய்ப்பு. ஏழு உறைகளைக் கண்ணாடி உருளையில் போட்டுச் சுழற்றி, ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் கையை விட்டு எடுத்தார். நியூயார்க் அணிக்குப் பேட்ரிக் யூயிங் என்ற பெரிய வீரர் கிடைத்தார். உடனே வதந்தி கிளம்பியது: நியூயார்க் உறையின் மூலை மடங்கியிருந்தது, இல்லை, அதை ஐஸ்பெட்டியில் குளிர வைத்திருந்தார்கள், தொட்டாலே தெரியும் என்று. ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை. ஆனால் நாற்பது ஆண்டுகளாகியும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு நம் உத்திரமேரூர் நினைவுக்கு வந்தது.

முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் அவை. ஏறக்குறைய கி.பி. 919, 921. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் முறையைச் சொல்பவை. முப்பது குடும்புகள், அதாவது வார்டுகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டிக் குடத்தில் இட வேண்டும். நம்பிமாரில் மூத்தவர் ஒருவர் எழுந்து நின்று, கூடியிருக்கும் அனைவரும் காணும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன்தான் எடுக்க வேண்டும். எடுத்த கட்டை வேறொரு குடத்தில் அவிழ்த்துப் போட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். அவன் வாசித்த பிறகு அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் வாசிக்க வேண்டும்.

ஐந்து விரலை எதற்கு விரிக்கச் சொன்னார்கள்? விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான். மடங்கிய உறை பற்றிய வதந்திக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வைத்தியம் எழுதி வைத்திருக்கிறார்கள் நம் ஆட்கள்! எல்லாரும் அதில் பங்கு பெறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது பிராமணர்களின் சபை. நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே வாய்ப்பு. இன்றைய தேர்தலோடு அதை ஒப்பிட்டுப் பெருமை பேசுவது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் ஏமாற்று எந்த வழியாக வரும் என்று யோசித்து, ஒவ்வொரு வாசலாக அடைத்த புத்தியை மெச்சத்தான் வேண்டும்.

இன்னொன்று. முதல் கல்வெட்டில் வயது வரம்பு முப்பதுக்கு மேல், அறுபதுக்குள். இரண்டாவதில் முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவரது உறவினரும் வரக் கூடாது என்ற விதியில், யார் யார் உறவினர் என்பதை இரண்டாவது விரிவாக அடுக்குகிறது. இரண்டே ஆண்டுகளில் திருத்தம்! முதல் விதியில் யாரோ ஓட்டை கண்டுபிடித்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. விதி என்பது கல்லில் வெட்டினாலும் ஒரு தடவையில் முடிகிற காரியமல்ல.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1985-ன் சமவாய்ப்பில் மிக மோசமாக ஆடிய கோல்டன் ஸ்டேட் அணிக்கு ஏழாவது இடம் கிடைத்தது. உண்மையிலேயே இளைத்தவனுக்குக் கடைசிப் பந்தி. எனவே 1987-ல் முதல் மூன்று இடங்களுக்கு மட்டும் குலுக்கல் என்றார்கள். 1990-ல் பதினொரு அணிகளுக்கு மொத்தம் 66 வாய்ப்புகள் வைத்து, கடைசி அணிக்கு 11, மேலே போகப் போகக் குறைந்து ஒன்று என்று பிரித்தார்கள். 1993-ல் அந்த 66-ல் ஒரே ஒரு வாய்ப்பு வைத்திருந்த ஆர்லாண்டோ அணிக்கு முதலிடம் விழுந்தது. அதுவும் தொடர்ந்து இரண்டாம் ஆண்டாக. மறுபடி கூச்சல். அடுத்த ஆண்டே கடைசி அணியின் வாய்ப்பை நூற்றுக்கு 25 ஆக உயர்த்தினார்கள்.

உயர்த்தியதும் பழைய வியாதி திரும்பியது. 2013-லிருந்து மூன்று சீசன்கள் ஃபிலடெல்ஃபியா அணி 246 ஆட்டங்களில் 47-ல் மட்டுமே வென்றது. 199 தோல்விகள்! அதன் மேலாளர் சாம் ஹிங்கி, இன்று தோற்று நாளைக்குச் சேர்ப்போம் என்ற கணக்கை ஒளிவுமறைவின்றிச் செய்தார். ரசிகர்களில் ஒரு பகுதியினர் அதற்குக் கைதட்டவும் செய்தார்கள். 2014-ல் விதியைத் திருத்த வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 17, எதிர்ப்பு 13. தேவைப்பட்டதோ 23. தோற்றுப்போனது. 2016 ஏப்ரலில் ஹிங்கி பதவி விலகினார். 2017-ல் மறுபடி வாக்கெடுத்து நிறைவேற்றினார்கள். 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் ஒரே வாய்ப்பு, நூற்றுக்கு 14. முதலிட வாய்ப்பைப் பொறுத்தவரை கடைசி ஆளாக நிற்பதற்கென்று தனிப் பரிசு இல்லை. ஃபிலடெல்ஃபியா அன்று அப்படிச் சேர்த்த பிறகும் இதுவரை பட்டம் வெல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வியாதி இத்தோடு தீர்ந்ததா என்றால், இல்லை. 2023-ல் டல்லாஸ் அணி கடைசி நேரத்தில் முக்கிய வீரர்களை உட்கார வைத்ததற்காக ஏழரை லட்சம் டாலர் அபராதம் கட்டியது. அதே டல்லாஸுக்கு 2025 குலுக்கலில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லாத வாய்ப்பில் முதலிடம் விழுந்தது. மறுபடி வதந்தி, மறுபடி திருத்தப் பேச்சு.

நம் நாட்டில் இந்த வியாதி ஏன் வரவில்லை என்று யோசித்தேன். விடை நம் ஊர்ச் சீட்டிலேயே இருக்கிறது. குலுக்குச் சீட்டு, ஏலச்சீட்டு இரண்டும் நம் மாவட்டத்துப் பெண்களுக்கு அத்துப்படி. அமெரிக்கக் கூடைப்பந்து குலுக்குச் சீட்டு. 2008-ல் தொடங்கிய நம் ஐ.பி.எல். ஏலச்சீட்டு. அங்கே கடைசி இடத்துக்காரருக்கும் கோப்பை வென்றவருக்கும் செலவழிக்க ஒரே வரம்புதான். கடைசியில் வந்தாயே என்று யாரும் கூடுதலாகத் தருவதில்லை. அதனால் தோற்பதில் லாபமில்லை. கபடி லீக்கிலும் ஏலம்தான்.

ஆனால் வேண்டுமென்றே தோற்கும் சங்கதி நம்மைத் தொடாமலே போகவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கை நினைவிருக்கிறதா? ஷட்டிலில் பெண்கள் இரட்டையர். நம் ஜுவாலா கட்டாவும் அஸ்வினி பொன்னப்பாவும் ஆடினார்கள். அந்த ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாக இரட்டையருக்கு லீக் சுற்று வைத்திருந்தார்கள். நம்மவர்கள் ஜப்பானிடம் தோற்று, தைவானையும் சிங்கப்பூரையும் வென்றார்கள். ஜப்பானும் தைவானும் அதேபோல இரண்டிரண்டு வெற்றிகள். கணக்குப் பார்த்ததில் ஒரே ஒரு புள்ளியில் நம் ஜோடி வெளியேறியது. கடைசி ஆட்டத்தில் ஜப்பான் ஜோடி தைவானிடம் தோற்ற விதம் சரியில்லை என்று இந்தியத் தரப்பு புகார் கொடுத்தது. அது ஏற்கப்படவில்லை. ஜப்பான் ஜோடி தவறு செய்தது என்று எங்கும் நிரூபணமாகவில்லை, ஆகவே நாமும் அப்படிச் சொல்லக் கூடாது.

அதே நாளில், ஜூலை 31 அன்று, வேறு இரண்டு ஆட்டங்களில் நடந்ததற்குச் சாட்சியே தேவைப்படவில்லை. சீனாவின் முதல் ஜோடியும் கொரிய ஜோடியும் மோதின. இரண்டும் ஏற்கனவே காலிறுதிக்குத் தகுதி பெற்றவை. தோற்றால் சீனாவின் இன்னொரு ஜோடியை இறுதிப் போட்டி வரை சந்திக்க வேண்டியதில்லை. எனவே இரண்டு ஜோடிகளும் தோற்கப் போட்டி போட்டன! சர்வீஸை வலையில் அடிப்பது, பந்தை வெளியே தள்ளுவது. மிக நீண்ட ஆட்டமே நாலு அடிதான். காசு கொடுத்து வந்த கூட்டம் கூச்சல் போட்டது. அடுத்து இன்னொரு கொரிய ஜோடியும் இந்தோனேசிய ஜோடியும் அதையே செய்தன. மறுநாள் எட்டு பேரையும் போட்டியை விட்டு விலக்கினார்கள்.

அவர்கள் காலியாக்கிய இடத்தில் உள்ளே வந்தவர்களில் ஒன்று ரஷ்ய ஜோடி. தன் பிரிவில் வெளியேறிவிட்ட ஜோடி அது. வெண்கலம் வாங்கிப் போனது. நம்மவர்கள் இருந்த பிரிவில் யாரும் விலக்கப்படாததால் நமக்கு அந்த யோகம் இல்லை.

பிறகு உலகச் சம்மேளனம் என்ன செய்தது தெரியுமா? குலுக்கலைக் கொண்டுவந்தது! 2016 ஒலிம்பிக்குக்கு, லீக் சுற்று முடிந்த பிறகு, பிரிவில் இரண்டாமிடம் வந்தவர்கள் யாரோடு மோதுவது என்பதைத் தனியாகச் சீட்டெடுத்து முடிவு செய்வது என்றார்கள். தோற்றால் யார் எதிரில் வருவார் என்று முன்கூட்டித் தெரியாது. தெரியாவிட்டால் தோற்பதற்குக் காரணமும் இல்லை.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எண்பதுகளின் கடைசியில் நம் மாவட்டத்து ஊர் ஒன்றில் நடந்த கைப்பந்துப் போட்டியில் நான் நடுவராக இருந்தேன். இரண்டு பிரிவு, லீக் முறை. அரையிறுதிக்கு ஏற்கனவே தேறிவிட்ட இரண்டு அணிகள் கடைசி ஆட்டத்தில் எதிரெதிரே நின்றன. தோற்றவருக்கு எளிய எதிரி. சர்வீஸ் எல்லாம் வலையிலேயே விழுந்தது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் முண்டாசு கட்டிய ஒரு பெரியவர் எழுந்து, "இவங்க தோக்கறதப் பாக்கவா எட்டு மைல் சைக்கிள் மிதிச்சு வந்தேன்?" என்று சத்தம் போட்டார். என் கையில் இருந்த விதிப் புத்தகத்தில் இதற்கு வழியில்லை. சர்வீஸை வலையில் அடித்தால் எதிரணிக்குத்தான் சாதகம், அதைத் தவறு என்று எப்படி ஊதுவது? விழாக் குழுவினர் கூடிப் பேசினார்கள். ஒரு பித்தளைச் சொம்பு வந்தது. நாலு சீட்டு எழுதி, கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமியைக் கூப்பிட்டு, எடுக்கச் சொல்லி, யார் யாரோடு என்று மைக்கில் வாசித்துவிட்டார்கள். மிச்ச ஆட்டம் உயிரோடு நடந்தது.

இப்போது கணக்கு வாத்தியாருக்கு என் பதில். குலுக்கல் அதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. திறமையான ஆளைத் தேட அது வழியல்ல. ஆனால் முன்கூட்டியே கணக்குப் போட்டு நடக்கும் சூதை அது கெடுக்கும். யார் பெயர் வரும் என்று தெரியாதபோது யாருக்குக் கையூட்டுக் கொடுப்பது? யார் எதிரில் வருவார் என்று தெரியாதபோது எதற்காகத் தோற்பது? ஒரு நிபந்தனை உண்டு. குலுக்கலில் ஒருவனுக்குக் கூடுதல் சீட்டு வைத்தால், அந்தக் கூடுதல் சீட்டுக்காக அவன் என்ன வேண்டுமானாலும் செய்வான். அமெரிக்கர்கள் நாற்பது ஆண்டுகளாக மல்லுக்கட்டுவது இந்த ஒரு முடிச்சோடுதான். இளைத்தவனுக்கு உதவவும் வேண்டும், இளைத்தவனாக நடிக்க ஆசை காட்டவும் கூடாது. இரண்டும் முழுதாக ஒரே விதியில் வருமா என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

உதவியை வேறு வழியில் தரலாம் என்பது என் எண்ணம். பள்ளியில் பின்தங்கிய அணிக்கு நாங்கள் கூடுதல் பயிற்சி நேரமும் நல்ல பந்தும் கொடுப்போம். அதற்காக எந்தப் பையனும் தோற்றதில்லை.

பொங்கலுக்கு நம் ஊர்களில் கபடியும் கைப்பந்தும் நடத்தப்போகும் தம்பிகளுக்கு மூன்று வேண்டுகோள். லீக் வைத்தால் ஒரே பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்துங்கள். 1982 உலகக் கோப்பைக் கால்பந்தில், முந்தின நாளே அல்ஜீரியா தன் ஆட்டத்தை முடித்துவிட்டதால், மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் இருவருக்கும் வசதியான ஒரு கோலோடு பந்தை உருட்டிக்கொண்டிருந்து அல்ஜீரியாவை வெளியேற்றின. அதன் பிறகுதான் உலகமே இப்படி மாறியது. இரண்டாவது, அரையிறுதிக்கு யார் யாரோடு என்பதை லீக் முடிந்தபின் சீட்டெடுத்துச் சொல்லுங்கள். மூன்றாவது, சீட்டை மேடையில் எல்லாரும் பார்க்க, ஒரு குழந்தையைக் கொண்டு எடுங்கள். வாங்கி வாசிப்பவர் ஐந்து விரலையும் விரித்து வாங்கட்டும்.

லண்டனில் விலக்கப்பட்ட எட்டுப் பேரில் இந்தோனேசியாவின் கிரேசியா பொலியும் ஒருவர். அவர் ஆட்டத்தை விடவில்லை. 2021 ஆகஸ்டில், டோக்கியோ ஒலிம்பிக்கில், வேறொரு துணையோடு அதே பெண்கள் இரட்டையரில் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 33.